காந்தப் பிரிவுக்காரர்களுக்கு டிக்கெட் இல்லை

2009ஆம் ஆண்டு, சீனப் புத்தாண்டுக்கு ஐந்து நாள் முன்பு, தோங்குவான் கிழக்கு நிலையத்திலிருந்து வடக்கே போகும் பகல் ரயில் ஐம்பது நிமிடம் நகரவில்லை. பதினோராவது பெட்டியில் லியாவ் குய்மெய் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். எஞ்சின் முழு மூச்சில் இழுத்தது, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின, இரும்பு கருகும் வாடை பிளாட்பாரம் முழுக்க அடித்தது. இன்னொரு எஞ்சினைக் கொண்டுவந்து பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தார்கள். கடைசியில் ஒவ்வொரு பெட்டியாக ஆட்களை இறக்கிச் சோதித்தபோது, குய்மெய் கீழே கால் வைத்த கணத்தில் ரயில் துள்ளிப் பாய்ந்து இருபது அடி ஓடி நின்றது. உள்ளே இருந்தவர்களின் நூடுல்ஸ் கிண்ணங்கள் மடியில் கவிழ்ந்தன. ஏறச் சொன்னார்கள், நகர மறுத்தது. இறங்கச் சொன்னார்கள், ஓடியது. மூன்று முறை பார்த்துவிட்டு, இருபத்தாறு வருட சர்வீஸ் உள்ள நிலைய அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எங்கம்மா வேலை பாக்குறீங்க?"

"ஸ்பீக்கர் கம்பெனியில சார். காந்தப் பிரிவு."

"அதானே பாத்தேன். டிக்கெட் வாங்கும்போதே சொல்றதுக்கென்ன? ரெண்டாயிரம் பேரு ஊருக்குப் போகணும்ல."

அவள் மன்னிப்புக் கேட்டாள். டிக்கெட் பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுவருடம் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டிய அறிவிப்பில் உயிருள்ள கோழி, பட்டாசு, மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குக் கீழே 'காந்தப் பிரிவு ஊழியர்' என்று நான்காவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் அதைப் படித்துவிட்டு, தாங்கள் அந்தப் பிரிவில் இல்லையே என்று நிம்மதிப்பட்டார்கள். 2008 புத்தாண்டிலும் அவள் ஏறிய ரயில் நகரவில்லைதான். ஆனால் அந்த வருடம் பனி கொட்டி மாகாணத்து ரயில்கள் எல்லாமே நின்றுபோயிருந்தன. ஊரே நிற்கும்போது ஒருத்திக்காக நின்ற ரயிலை யார் கண்டார்கள்?

குய்மெய் லோங்நான் பக்கத்து மலைக் கிராமத்துக்காரி. 2007இல், மூன்று வயது மகள் நிங்கைக் கணவன் லாய் ஷுய்கென்னிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள். ஆம்பிளை பிள்ளை வளர்க்கிறான், பொம்பளை பட்டணத்தில் சம்பாதிக்கிறாள் என்று ஊரில் சிரித்தார்கள். ஷுய்கென் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டுப் பிள்ளைக்குத் தலை சீவப் போனான். ஹாங்காங்காரர் ஃபாங் நடத்திய அந்தக் கம்பெனியில் செய்த ஸ்பீக்கர்கள் கப்பலேறிப் போய், வெளிநாட்டில் வெளிநாட்டுப் பெயர்ப்பலகை ஒட்டிக்கொண்டு, வெளிநாட்டு விலைக்கு விற்றன. உள்ளே இருக்கும் காந்தம் மட்டும் காந்தமாக வராது. சாம்பல் நிறத்தில், ஒரு குண்டூசியைக்கூட இழுக்கத் துப்பில்லாத செத்த கட்டியாகத்தான் பெட்டியில் வரும். அதை ஸ்பீக்கரில் பசை போட்டு ஒட்டி, கம்பிச் சுருள் வளையத்துக்குள் தள்ளி, காலால் மிதியை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், கட்டிக்கு உயிர் வந்துவிடும். பச்சை விளக்கு மறுபடி எரிந்ததும் இன்னொரு முறை அழுத்த வேண்டும். ஒருமுறை அழுத்தினால் அரைக் காந்தம், அரைக் காந்தம் போனால் ஆர்டரே போகும் என்பது அந்தப் பிரிவின் வேதம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ஸ்பீக்கர், நாலாயிரம் டக். கைக்கடிகாரம், சாவி, வங்கி அட்டை எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பக்கத்து இருக்கையில் குவாங்சிக்காரி மோ சாய்ஃபெங் அதே வேலையைச் செய்தாள். சாய்ஃபெங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. குய்மெய்யின் உடம்பில் மட்டும் மாலையானால் திருகாணிகளும் கொண்டை ஊசிகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைத் தட்டி டப்பாவில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

ரயில் இல்லையென்றால் என்ன என்று அவள் பேருந்தில் ஏறினாள். டிரைவர் இரண்டாவது கியருக்கு மேல் போக முடியாமல், ஆறாவது கிலோமீட்டரில் அவளைக் கும்பிட்டு இறக்கிவிட்டார். மறுவருடம் ஊர்க்காரன் ஒருவனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தாள். பண்டிகைக்கு வீடு திரும்பும் ஆயிரம் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே அது ஒன்றுதான் பின்னோக்கி நகர்ந்தது. அதற்கடுத்த வருடம் நடந்தாள். ஆற்றுப் பாலம் வரை நடக்க முடிந்தது. பாலத்தில் ஏறியபோது முன்வைத்த கால் முன்னே நிற்கவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பாதிப் பாலம் போனாள். கை நழுவியதும் ஒன்பது கிலோமீட்டர் தூரத்தையும் முதுகுப்புறமாகவே ஓடிக் கடந்து கம்பெனி கேட்டில் வந்து இடித்து நின்றாள். சந்தைக்கோ மருத்துவமனைக்கோ போனால் அந்த இழுப்பு ஒன்றும் செய்யாது. வீட்டுக்குக் கிளம்பினால் மட்டும் பிடித்துக்கொள்ளும். அவள் எங்கே போகிறாள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

முதலாளி ஃபாங்குக்கு இதில் சந்தோஷம்தான். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஊருக்குப் போகிற ஆட்களில் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வருவதில்லை. புது ஆளைப் பிடித்துப் பழக்குவதற்குள் அவருக்கு உயிர் போய்விடும். "இவளை மாதிரி இன்னும் நாப்பது பேரு ஆகுறதுக்கு வழியிருக்கா?" என்று மெக்கானிக்கைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். வழி தெரியவில்லை என்றதும், ஒருநாள்கூட லீவு போடாத ஊழியர் என்று குய்மெய்யின் படத்தைச் சுவரில் மாட்டினார். ஒருமுறை சரக்கு வாங்கும் நாட்டிலிருந்து தொழிலாளர் நிலைமையைச் சோதிக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கையில் பட்டியலோடு வந்தார். உங்களை இங்கே யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். குய்மெய் நேர்மையாக யோசித்தாள். "யாரும் பிடிச்சு வைக்கல. கேட்டு தொறந்துதான் கெடக்கு. என்னாலதான் போக முடியல" என்றாள். மொழிபெயர்ப்பாளர் முதல் இரண்டு வாக்கியங்களைச் சொன்னார். அம்மணி பட்டியலில் 'திருப்தி' என்று குறித்துக்கொண்டு, பழத்தட்டிலிருந்து ஒரு லிச்சிப் பழம் எடுத்துச் சாப்பிட்டார்.

2010 கோடையில் ஷுய்கென் மகளை அழைத்து வந்தான். நிங்குக்கு அப்போது ஆறு வயது. பதினைந்து நாள் அம்மாவின் கட்டிலில் அவளோடு ஒட்டிப் படுத்தாள், அம்மாவின் உடம்பிலிருந்து திருகாணி பொறுக்குவதை விளையாட்டாக்கிக்கொண்டாள். திரும்பும் நாளில் பேருந்து கிளம்ப ஒரு கணம் திணறியது. ஒரே ஒரு கணம்தான். டிரைவர் கிளட்சைத் திட்டினார், வண்டி போய்விட்டது. ஆனால் வெளியே நின்ற குய்மெய்க்கு அந்தத் திணறல் எதுவென்று தெரிந்தது. அன்றே போனில் கணவனிடம் சொன்னாள்: "இனிமே புள்ளைய இந்தப் பக்கம் கூட்டிட்டு வராதீங்க. நான் சாகுற வரைக்கும் வரக் கூடாது." காரணம் கேட்டதற்கு, "அவளையும் புடிச்சுக்கும்" என்று மட்டும் சொன்னாள். மகளிடம் அதையும் சொல்லவில்லை. பயந்துவிடுவாள் என்று நினைத்தாள். பயப்படுவதைவிடப் பெரிய துயரம் பிள்ளைகளுக்கு உண்டு என்பது தாய்களுக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

என்ன பிடித்துக்கொள்கிறது என்பது மறுவருடம் தெரிந்தது. காந்தத்தில் கலக்கும் அருமண் என்ற அரிய தாதுவின் விலை ஒரே வருடத்தில் பத்து மடங்கு ஏறி, ஃபாங் காந்தக் கட்டிகளைக் கிடங்கில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த காலம் அது. மலிவான கறுப்புக் காந்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் மூன்று மடங்கு கனத்தது, வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பினான். இருப்பை எண்ண குய்மெய்யை உள்ளே அனுப்பினார்கள். பெட்டியின் பக்கத்தில், கட்டியில் கலந்த கனமான வகை அருமண் வெட்டிய இடம் எது என்று அச்சிட்டிருந்தது. அவளுடைய கிராமத்துக்குப் பின்னால் நின்ற மலையின் பெயர். சூட்டிலும் அடியிலும் காந்தம் தன் குணத்தை விடாமல் இருக்கத்தான் அதைச் சேர்க்கிறார்கள். அந்த மலைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் அவள். பெட்டியில் இருந்ததும் அதே மலை. இரண்டுக்கும் ஒரே வளையத்தில் உயிர் கொடுத்தால் ஒன்றையொன்று விடுமா?

அன்று மாலை போனில் ஷுய்கென்னிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். மலையில் குழி போட்டு, உரக்கடையில் விற்கிற அமோனியம் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறேன் என்றான். அடிவாரத் தொட்டியில் அருமண் வெள்ளைச் சேறாக வந்து இறங்குவதைக் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். ஆரஞ்சுத் தோட்டத்தைவிட நல்ல கூலி. இன்னும் மூன்று வருடம் செய்தால் அவள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடலாம்.

"அதைத் தோண்டாதீங்க. நீங்க தோண்டித் தோண்டி அனுப்புறதுதான் என்னை இங்க கட்டிப் போட்டிருக்கு."

"நான் விட்டா வேற ஒருத்தன் தோண்டுவான், குய்மெய். நான் தோண்டுனாவாவது நீ வர்றதுக்கு ஒரு வழி பொறக்கும்."

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். அவளை மீட்க அவன் மலையைக் கரைத்தான், கரைந்த மலை அவளிடம் போய்ச் சேர்ந்து அவளை இன்னும் இறுக்கிப் பிடித்தது. ஆப்பசைத்த குரங்காவது ஒரு முறைதான் மாட்டியது. மூன்று வருடம் ஏழு வருடமானது. ஆரஞ்சு மரங்கள் மஞ்சளாகிப் பட்டுப்போயின. பள்ளிக்கூடத்துக்கு மலையைச் சுற்றிப் போன பிள்ளைகள் நேராகவே போக ஆரம்பித்தார்கள். 2018இல் அரசாங்கம் வந்து தொட்டிகளை இடித்து, மிச்சமிருந்த மேட்டில் புல் விதைத்தது. அதற்குள் தோங்குவானில் குய்மெய்யால் ஆற்றுப் பாலத்தின் பக்கமே போக முடியாமல் ஆகிவிட்டது. போனில் நிங்கின் குரல் ஒவ்வொரு வருடமும் சுருங்கியது. முதலில் கதைகள் சொன்னாள், பிறகு பதில்கள் சொன்னாள், பிறகு 'ம்' என்றாள்.

2020 புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்பு, நாடே வடக்கு நோக்கி முண்டியடித்தபோது, தெற்கே வந்த காலி ரயிலில் பதினைந்து வயது நிங் தனியாக வந்து இறங்கினாள். கம்பெனி மூடியிருந்தது. கேன்டீனில் குய்மெய்யும், அவளைத் தனியாக விட மனசில்லாமல் ஊருக்குப் போகாத சாய்ஃபெங்கும் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிங் பையை இறக்கவில்லை.

"நீங்களும் வர மாட்டீங்க, நானும் வரக் கூடாது. அப்ப நான் உங்களுக்கு யாரு? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

குய்மெய் மகளைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டினாள், பிடித்துக்கொள்ளுமோ என்று பயந்து இழுத்துக்கொண்டாள். நிங் அந்தக் கையைத்தான் பார்த்தாள். சாய்ஃபெங் கத்தியை மேசையில் குத்தி நிறுத்தினாள்.

"அடியே, உங்கம்மா உன்னை நெனச்சு நெனச்சு இங்க துருப்பிடிச்சுக் கெடக்கா. பண்ணெண்டு வருஷமா இவ ஏறாத வண்டி கெடையாது. பாலத்துக் கைப்பிடியில இவ நகக்கீறல் இருக்கு, போய்ப் பாத்துட்டு வந்து பேசு. ஒக்காரு முதல்ல!"

எல்லாவற்றையும் அவளே சொன்னாள். மலை, மூட்டை, பேருந்து திணறிய அந்த ஒரு கணம் வரைக்கும் சொன்னாள். நிங் அழவில்லை. கடைசியில், "காந்தத்தை அணைக்க முடியாதா?" என்று மட்டும் கேட்டாள்.

முடியும். கட்டி தவறாகக் காந்தமாகிவிட்டால் சுவிட்சை எதிர்ப்பக்கம் திருப்பி, அளவு குமிழைக் குறைத்து, ஒரே ஒரு முறை மிதித்தால் உயிர் போய்விடும். அளவு கூடினால் அணைவதற்குப் பதில் திசைமாறிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆளுக்கு அதைச் செய்ய யாருக்கும் துணிச்சல் வரவில்லை என்பதோடு, ஆட்கள் இருக்கும் நாளில் ஃபாங் எந்திர அறையைவிட்டு நகரமாட்டார். மேடைக் கச்சேரி ஸ்பீக்கருக்கென்று வாங்கிய பெரிய எந்திரத்தின் வளையம் கிணற்று உறை அளவு இருந்தது. மூன்று பேரும் மறுநாள் மதியம் உள்ளே போனார்கள். சாய்ஃபெங் கழித்துப்போட்ட கட்டிகளை வைத்து அளவு பார்த்துக் குமிழில் கோடு போட்டுக்கொண்டாள். குய்மெய் வளையத்துக்குள் முக்காலி போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நிங்கை வாசலில் நிற்கச் சொன்னார்கள்.

சாய்ஃபெங் மிதித்தாள். டக். குய்மெய்யின் தலையில் ஒட்டியிருந்த கொண்டை ஊசி தரையில் விழுந்தது. காலரில் இருந்த இரண்டு திருகாணிகள் விழுந்தன. தோளிலிருந்து மூட்டை இறங்கியது போல அவள் நிமிர்ந்தாள். "விட்டுடுச்சு" என்றாள். அதைக் கேட்ட நிங் ஒரே ஓட்டமாக ஓடிவந்து, வளையத்துக்குள் பாய்ந்து, பின்னாலிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது. பதின்மூன்று வருடமாகப் பச்சை விளக்கைப் பார்த்ததும் மிதிக்கும் சாய்ஃபெங்கின் கால், யாரையும் கேட்காமல் இரண்டாம் முறை மிதித்தது. டக்.

"பாவி காலு! நான் மிதிக்கலடி, இந்தப் பாவி காலுதான் மிதிச்சிருச்சு!" என்று தன் காலையே அறைந்துகொண்டு சாய்ஃபெங் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அளவு குறைவுதான். ஆனால் காந்தம் இல்லாத வெறும் ஆளை எதிர்த்திசையில் காந்தமாக்க அது போதும். திசை மாறிவிட்டதால் கிடங்கு இப்போது இருவரையும் இழுக்கவில்லை, வெளியே தள்ளியது. அம்மா முன்னால், மகள் பின்னால் ஒட்டியபடி, ஈரத் தரையில் வழுக்குவது போல அறையைக் கடந்து, முற்றத்தைக் கடந்து, கேட்டுக்கு வெளியே போய் நின்றார்கள். காவல்காரர் பதிவேட்டில் நேரம் குறித்துக்கொண்டார். ஒட்டிய காந்தத்தை இழுத்துப் பிரிக்கக் கூடாது, பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். பின்னாலேயே ஓடிவந்த சாய்ஃபெங் அழுதுகொண்டே அப்படித்தான் மகளை நகர்த்திப் பிரித்தாள். பிரிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க ஆவலோடு திரும்பினார்கள். முகத்துக்கு முகம் வந்ததும் இரண்டு பேரும் மூன்றடி பின்னால் போய் விழுந்தார்கள். எழுந்து மறுபடி வந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். ஐந்தாவது முறை விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து குய்மெய் மகளைப் பார்த்தாள். வலது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. அது எப்போது பட்டது என்று அவளுக்குத் தெரியாது.

அன்று மாலை ரயில் லோங்நானுக்கு முப்பத்தைந்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. முன்னதாக வந்த வண்டியைப் பற்றி ரயில்வேக்கு யாரும் புகார் எழுதுவதில்லை. சரியான நேரத்துக்கு வந்த ஷுய்கென், பிளாட்பாரத்தில் மனைவியும் மகளும் ஒரே திசையைப் பார்த்தபடி ஒருவர் பின்னால் ஒருவராக நிற்பதைக் கண்டு, முதலில் பைகளை வாங்கிக்கொண்டான். ஃபாங் இரண்டு முறை ஆள் அனுப்பினார். வந்த ஆட்களோடு அவள் கிளம்பியும் பார்த்தாள். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றுவிட்டது. சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். சாப்பாட்டு மேசையை நீட்டினான் ஷுய்கென். எதிரெதிரே உட்கார்ந்தால் அம்மாவும் மகளும் பார்க்கலாம், தொட முடியாது. ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தால் தொடலாம், பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய நாளும் உண்டு, தொட வேண்டிய நாளும் உண்டு. கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், ஆனால் கண்ணாடியில் தெரியும் முகத்துக்கும் அந்தத் தள்ளல் இருந்தது. அதனால் முகம் பார்த்துச் சொல்வது ஷுய்கென்னின் வேலையானது. மலையைக் கரைத்த கை சும்மா இருந்த வருடங்களில் அவன் அதில் தேர்ந்துவிட்டான். ஊரில் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு திருமண வீட்டில் அந்தக் குடும்பத்துக்கு நாற்காலி போடும்போது இடைவெளி விட்டுப் போடப் பழகினார்கள். மற்ற வீடுகளில் ஒருவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டால் கோபம் என்று பொருள். லாய் வீட்டில் வந்து பிடித்துக்கொள் என்று பொருள்.

கல்லூரி நுழைவுத் தேர்வின் முடிவு வந்த நாளில் நிங் முற்றத்தில் நின்று போனைப் பார்த்தாள். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, சமையலறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். குய்மெய் அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு போய், பின்னாலிருந்து மகளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு உடம்பும் கச்சிதமாக ஒட்டின. மகளின் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, முகம் அந்தப் பக்கம் இருந்தது.

"எப்படிங்க இருக்கா?" என்று கேட்டாள்.

எதிரே நின்ற ஷுய்கென் அவசரப்படாமல் பார்த்தான். "மூக்கு செவந்திருக்கு. கண்ணு ரெண்டும் நெறைஞ்சிருக்கு" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இப்ப சிரிக்கிறா" என்றான்.

சரி என்று குய்மெய் பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, மகளின் பிடரியைப் பார்த்தபடி நின்றாள்.